பாட்டாவின் மோட்டார்: பழசை எவ்வளவு புதுசாக்கலாம்?

கடியப்பட்டணத்தில் பாட்டா வீட்டுச் சாய்ப்பில், கிழிஞ்ச வலைக்கு அடியில் ஒரு பழைய அவுட்போர்டு மோட்டார் கிடந்தது. போன வருஷம் வீட்டை இடிச்சுக் கட்டும்போது மாமா போன் பண்ணினார்: "எடே, இத ஆக்கர் கடையில போட்டுரவா?" நான் அன்னைக்கு ராத்திரியே சென்னையிலிருந்து பஸ் ஏறிட்டேன்.

அவுட்போர்டு என்றால் படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டும் இன்ஜின். வேலை முடிஞ்சதும் கழற்றி, தோளில் தூக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் இதை விற்க ஆரம்பித்தார். அந்தக் காலத்து மோட்டார்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் அங்கே நிறைய. அதே பெயின்ட், அதே ஸ்டிக்கர், கம்பெனியை விட்டு வந்த நாளில் இருந்த மாதிரியே ஆக்கணும். அதுதான் அவர்கள் கணக்கு.

நம்ம கரையில் கதை வேறு. கட்டுமரத்தில் மோட்டார் மாட்டுவது சுலபமில்லை. பக்கத்து ஊர் முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லெட் பிளைவுட் படகுகளை உருவாக்கினார். அந்தப் பாடுகளை 1985-இல் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்று புத்தகமாகவும் எழுதினார். 1980-களில் இப்படிப்பட்ட படகுகளோடு மோட்டாரும் பரவியது. காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் கயிற்றை இழுத்துக் கிளம்பினார்கள்.

அப்போ அந்த மோட்டார்கள் எல்லாம் எங்கே? ஒன்று கெட்டால் அதன் பாகம் இன்னொன்றுக்குப் போகும். மிச்சத்தை உப்பு தின்னும். கடைசியில் அலுமினியம் எடைக்குப் போகும். முழுசாக ஒன்று மிஞ்சுவதே அபூர்வம்.

ஊர் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். முதல் பாடம்: கயிற்றை இழுக்காதே. பிஸ்டன் இறுகியிருந்தால் உள்ளே கீறல் விழும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளை வழியாக ஆயிலும் மண்ணெண்ணெயும் ஊற்றி நாலு நாள் விட்டோம். அப்புறம் ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்பினோம். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அரிச்சு ஒட்டிக்கும். அதைச் சூடு பண்ணித்தான் கழற்றணும். கியர் ஆயில் பால் மாதிரி வந்தது. அப்படின்னா உள்ளே தண்ணீர் போயிருக்கு, சீல் மாத்தணும். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் உதிர்ந்தே போச்சு.

ஹெட்டைத் திறந்தபோது ஒரு ஆச்சரியம். ஒரு கேஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு. அண்ணன் சிரிச்சார். "மக்கா, இது பெட்ரோல் மோட்டார். உங்க பாட்டா மண்ணெண்ணெய்க்கு மாத்தியிருக்காரு." மண்ணெண்ணெய் அதிக அழுத்தத்தைத் தாங்காது, இன்ஜின் தட்டும். கேஸ்கட் ரெண்டானால் உள்ளே இடம் கூடும், அழுத்தம் குறையும். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். கரைக்கு வரும்போது திரும்பப் பெட்ரோல். இல்லைன்னா அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோல் விலை கட்டாத வீடு செய்த இன்ஜினியரிங் இது.

கைப்பிடியில் ரப்பர் இல்லை. வலை நூலைச் சுற்றி, வலைக்குப் போடும் அதே முடிச்சைப் போட்டிருந்தார். அவர் உள்ளங்கை பட்டு அது வழவழன்னு ஆகியிருந்தது.

இதைத்தான் நான் யோசிச்சேன். கம்பெனி விட்ட மாதிரி ஆக்கணும்னா ஒரு கேஸ்கட்டை எடுக்கணும், அந்த நூலை அறுக்கணும். மோட்டார் பளபளக்கும், ஆனா பாட்டா அதில் இருக்க மாட்டார். கடைசியில் ஓடுவதற்குத் தேவையான சீல், இம்பெல்லர், பிளக், கயிறு மட்டும் மாத்தினோம். மற்றது அப்படியே.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை இறக்கினோம். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் புது இம்பெல்லரும் போயிடும். ஆறாவது இழுப்பில் பிடிச்சது. பக்கத்துத் துளையில் தண்ணீர் பீச்சியது. சத்தம் கேட்டுப் பாட்டி வாசலுக்கு வந்தார். "இந்தச் சத்தம் தூரத்துல கேட்டதும்தான் நான் உலை வைப்பேன்" என்றார்.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய மோட்டார் கிடக்கலாம். ஆக்கர் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்க. யார் எதை மாத்தினாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.