சுண்டல், சோழி, சீட்டுக்கட்டு... 300 ரூபாயில் ஒரு சனிக்கிழமை ராத்திரி!

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் கொண்ட குடும்பம் மாலுக்குக் கிளம்பினால் என்ன ஆகும்? டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங், திரும்பி வரும்போது ஓட்டலில் டிபன்... 2,000 ரூபாய் போன இடம் தெரியாது. இரண்டரை மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒருவரோடு ஒருவர் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

அதே சாயங்காலம் இரண்டு நண்பர் குடும்பங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஹாலில் பாய் விரித்து விளையாடினால்? பத்துப் பேருக்கும் சேர்த்து 300 ரூபாய் சுமாருக்கு முடித்துவிடலாம். ‘கேம் நைட்’ என்ற பெயர்தான் புதுசு. வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க, விடிய விடிய பரமபதம் ஆடிய வழக்கம் நம்முடையது.

ஒரே ஒரு நிபந்தனை. இந்த 300 ரூபாய்க் கணக்கு நேர்மையானதாக இருக்க வேண்டுமென்றால், யாரும் சமையலறையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஹாலில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, உள்ளே அம்மா மூன்றாவது ஈடு பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தால், அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது? அதனால் திட்டத்தை அடுப்பிலிருந்தே ஆரம்பிப்போம்.

எண்ணெய்ச் சட்டிக்கு லீவு

அரை கிலோ கொண்டைக்கடலையைக் காலையிலேயே ஊறவைத்து, விருந்தாளிகள் வருவதற்கு முன்பே சுண்டலாகத் தாளித்து எடுத்துவிடுங்கள். பொரி, வறுத்த வேர்க்கடலை, பொடியாக நறுக்கிய வெங்காயம், மாங்காய், கேரட் துருவல் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துவிட்டால், வேண்டியவர்கள் வேண்டியபோது கலந்து சாப்பிடுவார்கள். ஒரு பெரிய பாத்திரத்தில் நீர்மோர். அவ்வளவுதான்.

ராத்திரிச் சாப்பாடும் உண்டு என்றால், ஆளுக்கொரு அயிட்டம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் தயிர்சாதம், இன்னொரு வீட்டில் எலுமிச்சை சாதம், நீங்கள் ஊறுகாயும் அப்பளமும். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அடுத்த முறை அவர்கள் வீட்டில் நடக்கும்போது, அவர்களும் தயங்காமல் உங்களிடம் கேட்பார்கள்.

பஜ்ஜி, போண்டா வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய்க் கை பட்டால் சீட்டுக்கட்டு ஒரே நாளில் பாழ்!

ஒரு பேப்பர், ஒரு பேனா போதும்

தொடக்கத்திலேயே மூளையைக் கசக்கும் ஆட்டம் வேண்டாம். புதிதாக வந்தவர்களின் கூச்சம் போக, ‘ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன்’ நல்ல ஆரம்பம். ஐந்து பேர், ஐந்து துண்டுச் சீட்டு. போலீஸ் சீட்டு கிடைத்தவர் முகங்களைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் போலீஸின் மதிப்பெண் திருடனுக்குப் போய்விடும். ஆபீஸில் கறாரான மேனேஜராக இருப்பவர்கூட, ஏழு வயதுப் பொடியனிடம் வசமாக ஏமாறுவார்.

‘பெயர், ஊர், விலங்கு, பொருள்’ ஆட்டத்தைத் தமிழில் ஆடிப் பாருங்கள். க, ப, ம, வ வரிசைகள் சுலபம். ஞ, ங பக்கம் போனால் பெரியவர்களே திணறுவார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்குத் தெரியாமலேயே தமிழ் வகுப்பு நடந்துவிடும்.

பி.ஹெச்.அப்துல் ஹமீத் பிரபலமாக்கிய ‘பாட்டுக்குப் பாட்டு’ பாணியும் கைகொடுக்கும். ழ, ள, ற, ண, ன எழுத்துகளில் பாட்டு தொடங்காது என்பதால், முன்கூட்டியே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ழ, ள வந்தால் ‘ல’, ற வந்தால் ‘ர’, ண, ன வந்தால் ‘ந’. இல்லாவிட்டால் பாதி நேரம் பஞ்சாயத்திலேயே போய்விடும்.

பாட்டியை ஆட்டத்துக்கு இழுங்கள்

வீட்டில் நாலு பேர் கூடும்போது, பெரும்பாலும் பாட்டி தாத்தாவுக்கு டி.வி. முன்னால் ஒரு நாற்காலி ஒதுக்கிவிடுகிறோம். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் என்றால் அவர்கள்தான் கோச்!

பல்லாங்குழிப் பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஏழாக 14 வட்டம் போடுங்கள். குழிக்கு ஐந்து என்றால் 70 புளியங்கொட்டை. ஆடும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எண்ணத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல கணக்கு வகுப்பு கிடையாது.

தாயக்கட்டை இல்லையா? சோழியை உருட்டலாம். அல்லது புளியங்கொட்டைகளின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்து எடுத்தால் போதும். தாயம் விழாமல் காய் இறக்க முடியாது என்பதால், காலேஜ் படிக்கும் பேரன் அரை மணி நேரம் காத்திருக்க, பாட்டி பழம் எடுத்துக்கொண்டே போவதைப் பார்க்கலாம். ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் கூட்டமாக நின்று புலியை நகரவிடாமல் மடக்கும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல தீனி.

கேரமும் சீட்டும்

கேரம் போர்டு ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும். இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னைப் பெண்தான். உங்கள் வீட்டுச் சுட்டிகளிடம் இதைச் சொல்லிவிட்டு ஸ்டிரைக்கரைக் கொடுங்கள். அபார்ட்மென்ட் என்றால் போர்டுக்கு அடியில் கனமான போர்வை அவசியம். கீழ் வீட்டுக்காரர் சத்தம் கேட்டுக் கோபப்படுவதற்கு முன்பே, அவரையும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிடுவது இன்னும் நல்லது.

சீட்டு என்றாலே சிலர் முகம் சுளிப்பார்கள். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்த குடும்பங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே. அதனால் பத்து ரூபாய்கூடப் பந்தயம் வேண்டாம். ‘கழுதை’ ஆட்டத்தில் கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர்தான் கழுதை. அந்தப் பட்டமே போதுமான தண்டனை.

சண்டை வராமல் இருக்க...

* குழு பிரிக்கும்போது கணவனும் மனைவியும் எதிரெதிர் அணி. குழந்தைகளைப் பெரியவர்களோடு கலந்துவிடுங்கள்.
* வாசலில் செருப்பு, அலமாரியில் போன். ஒரே ஒரு போனில் மட்டும் ரிங்டோன் சத்தமாக இருக்கட்டும்.
* விதிகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தாயத்துக்குத் தனிச் சட்டம் உண்டு!
* தோற்றுப்போய்க் கண் கலங்கும் குழந்தையைக் கிண்டல் செய்யாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் மதிப்பெண் எழுதும் வேலையைக் கொடுங்கள்.
* ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்கு முடியும் என்று அழைக்கும்போதே சொல்லுங்கள். ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்று கெஞ்சும்போது நிறுத்தினால்தான் அடுத்த மாதம் மறுபடி வருவார்கள்.
* தோற்ற அணிக்குப் பாத்திரம் கழுவும் வேலை. ஆண், பெண் பேதமில்லை.

அந்தக் கடைசி விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு, சிங்க் காலியாக இருந்து, வீட்டு அம்மாவும் நாலு ஆட்டம் ஜெயித்திருந்தால், அடுத்த சனிக்கிழமைக்கு ஆள் கூப்பிடப்போவது அவர்தான்.