பால் மறக்கடிக்கும்போது தாயையும் பாருங்கள்

பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க நம் வீடுகளில் வழிக்குப் பஞ்சமில்லை. காம்பில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் பாட்டி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளை சீக்கிரமே மறந்துவிடும். தாயின் மார்பு மறக்காது. வழக்கம்போல் சுரந்து பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாக இறுகி, ஜாக்கெட் உரசினாலே உயிர்போகும். கையைத் தூக்கிக் கொண்டை போடக்கூட முடியாது. "ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோம்மா" என்பார்கள். அவள் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாத வலி இது.

பால் எவ்வளவு வெளியேறுகிறதோ, அதற்கேற்பத்தான் ஊறும். மார்பிலேயே தேங்கினால் சுரப்பு தானாகக் குறையும். எனவே பிள்ளை அவ்வளவாகத் தேடாத ஒரு பகல்வேளைப் பாலை முதலில் நிறுத்துங்கள். சில நாள் கழித்து, மார்பு இளகிய பிறகு அடுத்த வேளை. தூங்கும் நேரத்துப் பால் கடைசியில் போகட்டும். அவசரமில்லை என்றால் வாரக்கணக்கில் நிதானமாகச் செய்யலாம்.

இடையில் கனத்தால் கையால் கொஞ்சம் பீச்சி விடுங்கள். இறுக்கம் தணிந்ததும் நிறுத்திவிட வேண்டும். முழுக்கப் பீச்சினால் மறுபடி ஊறும். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் இதமாக இருக்கும். துணியால் இறுக்கிக் கட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அடைப்பும் வீக்கமும்தான் மிஞ்சும். தண்ணீரைக் குறைப்பதாலும் பயனில்லை.

மார்பில் மல்லிகைப்பூ வைப்பதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், பிரசவமான பெண்களிடம் இதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் ஆய்வு வெளியிட்டார்கள். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை மாத்திரைதான் அதிகம் குறைத்தது. ஆனால் பால் கட்டுவதையும் சுரப்பையும் குறைப்பதில் இரண்டும் சமமாகவே இருந்தன. அந்த மாத்திரையைப் பால் நிறுத்தத் தருவதைப் பக்கவாதம், மாரடைப்பு அச்சத்தால் அமெரிக்கா 1990களிலேயே கைவிட்டது. கடையில் கேட்டு நீங்களாக எதையும் விழுங்காதீர்கள்.

மார்பு ஓரிடத்தில் சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அந்த நேரத்தில் பாலைச் சட்டென்று நிறுத்தினால் சீழ் கட்டலாம்.

பால் வற்றும் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வரும் பெண்கள் உண்டு. ஹார்மோன் மாற்றமும் அதற்கு ஒரு காரணம். வீட்டில் இருப்பவர்கள் அதை நடிப்பென்று நினைத்துவிடக் கூடாது. வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கும் மருத்துவர் வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் சில காலம் ஓரிரு சொட்டு கசியும். இருக்கிறதா என்று பிதுக்கிப் பார்க்காமல் விட்டாலே நின்றுவிடும்.