மாதிரி விமானத்தின் எரிபொருள் பம்பும் வெண்புகையும்

1991ஆம் ஆண்டு முதல் லங்காவியில் நடைபெற்று வரும் லிமா கண்காட்சிக்குச் சென்றவர்கள், சாகச விமானங்கள் வானில் வரையும் வெண்புகைக் கோடுகளை எளிதில் மறந்துவிட மாட்டார்கள். அத்தகைய கோட்டை, 2 மீட்டர் சிறகு கொண்ட ஒரு மாதிரி விமானத்தாலும் வரைய முடியும். தரையில் நிற்பவரின் கைக்கருவி அனுப்பும் வானொலி அலைகளுக்குக் கட்டுப்பட்டு, அது செங்குத்தாக ஏறும், தலைகீழாகப் பறக்கும், வட்டமடிக்கும். அவ்வேளையில் எஞ்சின் நின்றுவிடாமல் இருப்பது எப்படி? அந்தப் புகை எங்கிருந்து வருகிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றே. சிறிதளவு திரவத்தை, சரியான அளவில், சரியான இடத்திற்கு, எந்நிலையிலும் கொண்டு சேர்க்க வேண்டும்.

கலனை எங்கே வைப்பது?

சிறிய மாதிரி விமானங்களில் பெரும்பாலும் குளோ எஞ்சின்கள் பொருத்தப்படுகின்றன. மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகெண்ணெய் ஆகியவற்றின் கலவையே இவற்றின் எரிபொருள். எஞ்சினுக்குச் சற்றுப் பின்னால் எரிபொருள் கலன் இருக்கும். கலனுக்குள் வளையும் குழாயின் முனையில் ஓர் எடை கட்டப்பட்டிருப்பதால், எரிபொருள் எப்பக்கம் சாய்ந்தாலும் குழாயின் வாய் அதைத் தேடிச் செல்கிறது. சைலன்சரிலிருந்து வரும் ஒரு சிறு குழாய், வெளியேறும் வாயுவின் அழுத்தத்தால் எரிபொருளை மெல்ல முன்தள்ளுகிறது. சாதாரணப் பறத்தலுக்கு இதுவே போதும்.

சாகசப் பறத்தலில்தான் சிக்கல் எழுகிறது. 5 கிலோ எடையுள்ள ஒரு விமானத்தின் மூக்குப் பகுதியில், சமநிலைப் புள்ளிக்கு 30 செ.மீ. முன்னால் அரை லிட்டர் எரிபொருள் இருப்பதாகக் கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய 435 கிராம். அது முழுதும் எரிந்து தீர்வதற்குள் சமநிலைப் புள்ளி சுமார் 2.4 செ.மீ. பின்னே நகர்ந்துவிடும். புறப்பட்டபோது ஒரு விமானம், இறங்கும்போது வேறொரு விமானம் என்ற நிலை ஏற்படும். கலனைச் சமநிலைப் புள்ளியிலேயே வைத்தால் இச்சிக்கல் தீரும். ஆனால் எஞ்சினுக்கும் கலனுக்கும் இடைவெளி கூடிவிடும். விமானம் செங்குத்தாக ஏறும்போது எரிபொருளை 30 செ.மீ. மேலே தூக்க வேண்டும். இதற்கு வேண்டிய அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்குதான். ஆயினும் சைலன்சர் அழுத்தத்தை மட்டும் நம்பியுள்ள எஞ்சினுக்கு அது பெரிய தடையே.

எரிபொருள் குறைந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். இரண்டடிப்பு எஞ்சினில் மசகெண்ணெயும் எரிபொருளோடு கலந்தே வருவதால், உயவும் சேர்ந்தே குறைகிறது. சேதம் இருமடங்கு. எஞ்சின் நடுவானில் நின்றுவிட்டால், ஒரே ஒரு முறைதான் தரையிறங்க வாய்ப்புண்டு. மக்கள் கூடியிருக்கும் திடலில் இது விளையாட்டல்ல.

பம்பின் வகைகள்

பம்புகள் பல வழிகளில் இயங்குகின்றன. பெர்ரி பம்புகளில் ஒரு வகை, எஞ்சினின் அதிர்வையே விசையாகக் கொண்டு எரிபொருளைத் தள்ளுகிறது. மற்றொரு வகை, கிராங்க் அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும்போது மாறி மாறி எழும் அழுத்தத்தைப் பயன்படுத்துகிறது. ஜப்பானின் ஒய்.எஸ். எஞ்சின்களில் பம்பு அமைப்பு எஞ்சினோடு சேர்ந்தே வருகிறது.

பெரிய மாதிரி விமானங்களின் பெட்ரோல் எஞ்சின்களைப் பார்த்தால் நமக்குப் பழக்கமான ஒன்று நினைவுக்கு வரும். மரம் அறுக்கும் சங்கிலி வாளை எப்பக்கம் திருப்பினாலும் அது நிற்பதில்லை. பழைய மோட்டார் சைக்கிளின் மிதவை கார்புரேட்டரோ, வண்டி சாய்ந்தால் தடுமாறும். வாளின் கார்புரேட்டருக்குள் மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வுகள் உள்ளன. ஒரு சவ்வு எரிபொருளை இழுக்கிறது. மற்றொன்று தேவைக்கேற்ப அதை அளந்து விடுகிறது. வால்ப்ரோ போன்ற நிறுவனங்களின் இத்தகைய கார்புரேட்டர்களே மாதிரி விமானங்களுக்கும் வந்து சேர்ந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த இரண்டாவது சவ்வின் பணி. எஞ்சின் வேகம் கூடினால் பம்பின் அழுத்தமும் கூடும். அதைச் சீராக்காவிட்டால் எரிபொருள் அளவுக்கு மீறிப் பாய்ந்து எஞ்சினை மூழ்கடித்துவிடும். தள்ளுவது எளிது, அளந்து தருவதே கடினம்.

புகை உண்மையில் புகையா?

வெண்புகை என்பது பெரும்பாலும் எரிந்து வரும் புகையன்று. தனிக் கலனிலுள்ள மெல்லிய தாது எண்ணெயை, ஒரு சிறு மின்பம்பு சூடான சைலன்சருக்குள் செலுத்துகிறது. எண்ணெய் அங்கே ஆவியாகி, வெளியே குளிர்ந்த காற்றில் பட்டதும் நுண்துளிகளாக உறைகிறது. நாம் காண்பது எண்ணெய்ப் பனிமூட்டமே. பிரிட்டனின் ரெட் ஏரோஸ் குழுவும் ஜெட் எஞ்சினின் சூடான வாயுவில் டீசலைச் செலுத்தித்தான் வெண்புகையை உண்டாக்குகிறது.

ஆகவே வெப்பம் இன்றியமையாதது. பெட்ரோல் எஞ்சின் இதற்கு மிகப் பொருத்தமானது. மெத்தனால் எஞ்சினின் சைலன்சர் அவ்வளவு சூடாவதில்லை. எண்ணெய் செல்லும் செம்புக் குழாயைச் சைலன்சருக்குள் சுருளாக வளைத்து முன்கூட்டியே சூடேற்றுவதும் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பம்பைத் திறந்தால், எண்ணெய் ஆவியாகாமல் சைலன்சரில் தேங்கி எஞ்சினையே நிறுத்திவிடக்கூடும். எனவே, எஞ்சின் போதிய வேகத்தை எட்டினால் மட்டுமே பம்பு இயங்கும்படி கைக்கருவியிலேயே அமைத்துக் கொள்வது நல்லது.

வாங்கும் முன்

எஞ்சின் நடுவானில் நின்றால் உடனே பம்பு வாங்கப் புறப்படுபவர்கள் உண்டு. முதலில் குழாயைப் பாருங்கள். ஊசிமுனையளவு துளை இருந்தாலும் காற்று நுழைந்துவிடும். கலன் அதிர்ந்து எரிபொருள் நுரைக்கிறதா, கலனின் உயரம் கார்புரேட்டருக்கு ஏற்றதா என்றும் பாருங்கள். ஐந்து மடங்கு ஈர்ப்பு விசையோடு வட்டமடிக்கும் விமானத்தில், 2 செ.மீ. உயர வேறுபாடு 10 செ.மீ.க்குச் சமமாகிவிடும். இக்குறைகளைப் பம்பு மறைக்குமே தவிர, தீர்க்காது.

இன்று மின்மோட்டார் மாதிரி விமானங்கள் பெருகிவிட்டன; அவற்றுக்கு எரிபொருள் பம்பு தேவையில்லை. எனினும் பெரிய பெட்ரோல் விமானங்கள் இன்றும் வானில் கோடு வரைகின்றன. அடுத்த முறை அத்தகைய கோட்டைக் காணும்போது, அதற்குப் பின்னால் விரல் நுனியளவே உள்ள ஒரு சவ்வு ஓயாமல் துடித்துக்கொண்டிருப்பதையும் எண்ணிப் பாருங்கள்.