சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்

அப்பாவின் கார் என்னைவிட மூன்று வயதுதான் இளையது. சில மாதங்களாக அது நிற்கும் இடத்திலெல்லாம் கறுப்பாக ஒரு வட்டம். "பழைய காடி, அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா ஒரு பழைய தட்டைக் கீழே வைத்துவிட்டார். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே போன பிறகுதான் பட்டறைக்குப் போனோம்.

அங்கே காரைத் தூக்கிப் பார்த்தார்கள். இயந்திரமும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, மாற்ற 950 வெள்ளி ஆகும் என்றார்கள். சீல் வெறும் வளையம்தான், விலை குறைவு. ஆனால் அதை எட்ட கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால் கூலி அதிகம். என் அடுத்த பருவ விடுதிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைவிட அது கூடுதல். அப்பா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

அந்த வாரம் சித்தி மகன் வந்திருந்தான். தொழிற்கல்லூரியில் வாகனத் துறை படிக்கிறான். தீபாவளிக்குக் கூடும்போது உறவினர்கள் என் பல்கலைக்கழகத்தைப் பற்றி நிறையக் கேட்பார்கள். அவனிடம் "ஓ, அப்படியா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இயந்திர மூடியைத் திறந்து பார்த்தவன் சொன்னான்: "க்கா, சொட்டுற இடத்தப் பாக்காத. நனைஞ்சிருக்கிறதுல ஒசரமான இடம் எதுன்னு பாரு."

எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடம் பெரும்பாலும் கசியும் இடமாக இருப்பதில்லை.

முதல் இரவு ஒரு வெள்ளை அட்டையைக் காருக்கு அடியில் விரித்து, முன்சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் குறித்தோம். காலையில் கறை எந்தப் பகுதிக்கு நேர்கீழே இருக்கிறது என்று தெரிந்தது. பழுப்பும் கறுப்புமாக இருந்தால் இயந்திர எண்ணெய். சிவப்பாக வழுவழுத்தால் ஆட்டோ கியர் எண்ணெயாக இருக்கலாம். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறமும் இனிப்பு வாசமும் சேர்ந்தால் ரேடியேட்டர் கூலண்ட். அது விஷம், பூனை நக்காமல் உடனே கழுவிவிட வேண்டும். நிறமோ வாசமோ இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், அது ஏர்கோன் தண்ணீர்.

எங்களுடையது இயந்திர எண்ணெய். ஆனால் எங்கிருந்து வருகிறது? பல வருட அழுக்கில் புதுக் கசிவு தெரியாது. இயந்திரம் ஆறிய பிறகு ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடி, அழுக்கு நீக்கும் ஸ்பிரே அடித்துத் துடைத்தோம். காய்ந்ததும் சந்தேகப்பட்ட இடங்களில் பேபி பவுடர் தூவினான். நான் சிரித்துவிட்டேன். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால், வால்வு மூடியின் பின் ஓரத்திலிருந்து வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு நேராகக் கீழே கியர்பாக்ஸ் வரை இறங்கியிருந்தது. பட்டறைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்த சொட்டு உண்மை. கழுவிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகு மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்த ரப்பர் கேஸ்கெட்டை வளைத்தேன். பிளாஸ்டிக் போல ஒடிந்தது. ஆனால் அவன் அதோடு விடவில்லை. பி.சி.வி. வால்வைக் கழற்றி என் காதருகே ஆட்டினான். நல்லதாக இருந்தால் கடகடவென்று சத்தம் வருமாம். சத்தமே இல்லை. இயந்திரத்துக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வழி அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெயைக் கேஸ்கெட் வழியாகத் தள்ளும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தால் கசிவு சீக்கிரமே திரும்பியிருக்கும்.

ஒட்டும் பரப்பை இரும்புத் தகட்டால் சுரண்டக் கூடாது, அலுமினியத்தில் கீறல் விழும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். என் பொறுமை இங்கேதான் போனது. இன்னும் இறுக்கலாமே என்று ஸ்பானரை அழுத்தப் போனேன். "மறை போயிடும்க்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கேஸ்கெட் 38, வால்வு 25, ஸ்பிரே 15, சீலண்ட் 12. மொத்தம் 90 வெள்ளி.

எல்லாக் கசிவையும் நாமே பார்க்க முடியாது. பிரேக் எண்ணெய் கசிந்தாலோ பெட்ரோல் வாசம் அடித்தாலோ காரை நகர்த்தாமல் பட்டறைக்குப் போன் செய்யுங்கள். கூலண்ட் குறைந்தால் சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருப்பதால் உள்ளிருக்கும் திரவம் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

ஒரு வாரம் தினமும் அட்டை விரித்தேன். ஆறு நாள் சுத்தம். ஏழாம் நாள் ஓர் ஈர வட்டம். படம் பிடித்துப் பதற்றத்தோடு அவனுக்கு அனுப்பினேன்.

"தொட்டுப் பாத்தியா?" என்று பதில் வந்தது. "ஏர்கோன் தண்ணிக்கா அது."