மனை சும்மா கிடக்கலாம், இரண்டு பேருக்கு விற்கக் கூடாது: டிஸ்க் இமேஜ் பற்றி ஒரு குறிப்பு

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி இருக்கிற சின்னப் பட்டறைகளுக்குப் போனவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். மெஷின் புதுசு, கம்ப்யூட்டர் புதுசு, ஆனால் உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேர் மட்டும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது. அளவுக்கருவி விற்ற கம்பெனி மூடியிருக்கும். பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் பெங்களூர் போய் வேறு வேலை பார்ப்பார். புதுக் கம்ப்யூட்டரில் அது ஏறாது. அதனால் ஒரு லினக்ஸ் பெட்டியை வைத்து, அதற்குள் விர்ச்சுவல் மெஷினாக அந்தப் பழைய விண்டோஸை ஓட்டுகிறார்கள். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகப் பக்கம் போனாலும், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி வரை வந்தாலும் இதே கதைதான்.

இப்படிச் செய்தால் பழைய ஹார்ட் டிஸ்க் முழுவதும் ஒரே ஒரு ஃபைலாக மாறிவிடுகிறது. டிராயிங், பில், டூல் கணக்கு எல்லாம் அந்த ஒரு ஃபைலுக்குள். அது கெட்டால் பதினைந்து வருஷக் கணக்கு போச்சு. அந்த ஃபைல் தனக்குள் இடத்தை எப்படி ஒதுக்குகிறது, எழுதும்போது நடுவில் பிழை வந்தால் அந்தக் கோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது கியூஎமு என்கிற திறமூல மென்பொருளின் கியூகவ்2 வடிவம். கியூஎமுவைத் தொடங்கியவர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட். கியூகவ்2 கோடை நெடுங்காலமாகப் பராமரித்து வருபவர் கெவின் வோல்ஃப்.

இரண்டு பதிவேடுகள்

கியூகவ்2 இமேஜுக்கு 200 ஜிபி என்று சொல்லி உருவாக்கினாலும் ஆரம்பத்தில் அது சில நூறு கிலோபைட்தான் இருக்கும். உள்ளே இருக்கிற விண்டோஸ் எழுத எழுதத்தான் வளரும். வளர்வது கிளஸ்டர் கிளஸ்டராக. சாதாரணமாக ஒரு கிளஸ்டர் 64 கிலோபைட்.

இதற்கு இரண்டு பதிவேடுகள் வேண்டும். நம்ம ஊர் உதாரணமே சொல்கிறேன். ஓசூரில் லேஅவுட் போட்டு மனை விற்காத திசை கிடையாது. லேஅவுட் ஆபீசில் ஒரு நோட்டு இருக்கும்: எந்தெந்த மனை விற்றாச்சு என்று டிக் அடித்தது. அது தவிர பத்திரங்கள் இருக்கும்: யாருக்கு எந்த மனை என்று சொல்பவை.

கியூகவ்2-வில் டிக் அடிக்கிற நோட்டுக்குப் பெயர் ரெஃப்கவுண்ட். ஒவ்வொரு கிளஸ்டருக்கும் 16 பிட் எண். 0 என்றால் காலி, 1 என்றால் ஒருவர் வைத்திருக்கிறார். ஸ்னாப்ஷாட் எடுத்தால் அதே கிளஸ்டரை இருவர் பகிர்வதால் 2 ஆகும். பத்திரம் என்பது எல்2 டேபிள். உள்ளே இருக்கிற மெஷினின் இன்ன இடம், ஃபைலில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். ஒரு பதிவு 8 பைட். ஒரு எல்2 டேபிள் ஒரு கிளஸ்டர் அளவு, ஆகவே 8192 பதிவுகள், 512 எம்பி டிஸ்க்கை அது பார்த்துக்கொள்ளும். 200 ஜிபிக்கு 400 எல்2 டேபிள்கள். அந்த 400 டேபிள்களும் எங்கே இருக்கின்றன என்று சொல்வது எல்1 டேபிள். எல்1 எங்கே என்று சொல்வது ஃபைலின் தலைப்பில் இருக்கும் ஹெடர்.

முதலில் எதை எழுதுவது?

புதிதாக ஒரு கிளஸ்டர் ஒதுக்கும்போது மூன்று காரியம் நடக்க வேண்டும். ரெஃப்கவுண்டை 0-விலிருந்து 1 ஆக்க வேண்டும். டேட்டாவை எழுத வேண்டும். எல்2-வில் பதிவு போட வேண்டும். மூன்றும் ஃபைலில் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒரே எழுத்தில் முடியாது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் கரண்ட் போகலாம், டிஸ்க் நிரம்பலாம், டிஸ்க்கே பிழை சொல்லலாம்.

பத்திரத்தை முதலில் எழுதினோம் என்று வையுங்கள். டிக் அடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுபடி ஆபீஸ் திறக்கும்போது நோட்டில் அந்த மனை காலி. அடுத்து வருபவருக்கு அதையே விற்றுவிடுவார்கள். இப்போது ஒரே மனைக்கு இரண்டு பத்திரம். டிஸ்க்கில் இதன் அர்த்தம்: பில்லிங் ஃபைலும் டிராயிங் ஃபைலும் ஒரே கிளஸ்டரில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றில் எழுதினால் இன்னொன்று அழியும். உடனே தெரியவும் தெரியாது, மாசக்கணக்கில் ஆன பிறகு ஒரு டிராயிங்கைத் திறக்கும்போதுதான் தெரியும். இதுதான் கரப்ஷன்.

மாற்றிச் செய்து பாருங்கள். முதலில் டிக், பிறகு பத்திரம். நடுவில் கரண்ட் போனால், நோட்டில் விற்றதாக இருக்கும், பத்திரம் யாரிடமும் இருக்காது. மனை சும்மா கிடக்கும். 64 கிலோபைட் வீண், அவ்ளோதான். இதற்குப் பெயர் லீக். யாருடைய டேட்டாவும் போகவில்லை.

ஒதுக்கீட்டுக் கோடு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. பிழையே வராமல் செய்ய நம்மால் முடியாது. வந்தால் அது லீக் பக்கம் மட்டும் விழும்படி வரிசையை அமைக்க முடியும்.

இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வரிசை தலைகீழ். முதலில் பத்திரத்தை ரத்து செய், பிறகு டிக்கை அழி. கியூஎமுவில் இரண்டு பதிவேடுகளுக்கும் நினைவகத்தில் தனித்தனி கேஷ் உண்டு. ஒதுக்கும்போது "ரெஃப்கவுண்ட் கேஷ் டிஸ்க்குக்குப் போகாமல் எல்2 கேஷ் போகக் கூடாது" என்று ஒரு சார்பு போட்டு வைப்பார்கள். விடுவிக்கும்போது இதற்கு நேர் எதிரான சார்பு.

மூன்றாவது காரியமான டேட்டாவுக்கும் வரிசை உண்டு. விண்டோஸ் எழுதியது 4 கிலோபைட்தான், ஆனால் ஒதுக்குவது 64 கிலோபைட் என்று வையுங்கள். அடியில் ஒரு மூல இமேஜ் இருந்தால் மீதி 60 கிலோபைட்டை அதிலிருந்து நகலெடுக்க வேண்டும். நகல் டிஸ்க்கில் இறங்கும் முன் எல்2 பதிவு இறங்கிவிட்டால், விண்டோஸ் தொடவே தொடாத 60 கிலோபைட் காணாமல் போகும். அதனால் நகல் முதலில், ஃபிளஷ், அப்புறம்தான் பத்திரம்.

நோட்டு தீர்ந்துபோனால்

ரெஃப்கவுண்ட் நோட்டில் ஒரு பிளாக் 32,768 கிளஸ்டர்களைக் கணக்கு வைக்கும், அதாவது 2 ஜிபி. ஃபைல் அதைத் தாண்டி வளர்ந்தால் புது நோட்டு வேண்டும். அந்த நோட்டை வைக்கவும் ஒரு மனை வேண்டும். அந்த மனைக்கு டிக் அடிப்பது எந்த நோட்டில்? பல சமயம் அந்தப் புது நோட்டிலேயேதான். தன்னைத் தானே கணக்கில் சேர்த்துக்கொண்டு பிறக்கிற பிளாக் அது. இங்கேயும் வழி அதேதான்: புது பிளாக்கை முழுசாக எழுதி முடி, டிஸ்க்கில் இறங்கியதை உறுதி செய், கடைசியாக மேல் டேபிளில் அதன் முகவரியைப் போடு. எல்1 டேபிளைப் பெரிதாக்கும்போதும் புது டேபிளை வேறு இடத்தில் முழுசாக எழுதிவிட்டு, ஹெடரில் முகவரியை மாற்றி, அதன் பிறகே பழைய டேபிளின் இடத்தை விடுவிப்பார்கள். எந்த நொடியில் நின்றாலும் பழையது முழுசாக இருக்கும், அல்லது புதியது முழுசாக இருக்கும்.

பிழையைத் திருத்தப் போய் அதிலும் பிழை

பத்து கிளஸ்டருக்கு டிக் அடிக்கிறோம், ஆறாவதில் "இடம் இல்லை" என்று பிழை வருகிறது. அடித்த ஐந்தையும் அழிக்க வேண்டும். கியூஎமுவும் அழிக்கப் பார்க்கிறது. ஆனால் அழிப்பதும் ஒரு எழுத்துதானே? அதுவும் தோற்கலாம். அங்கே என்ன செய்கிறது தெரியுமா? ரத்து செய்யும் முயற்சியின் முடிவைக் கண்டுகொள்ளாமல், முதலில் வந்த பிழையை மட்டும் மேலே சொல்கிறது. படித்தவுடன் அலட்சியம் மாதிரி தோன்றும். யோசித்தால் சரி. ரத்து தோற்றால் மிஞ்சுவது லீக்தான், அதைத் தாங்கலாம். ரத்துக்கு ரத்து என்று எழுதிக்கொண்டே போனால் சோதிக்க முடியாத கோடுதான் மிஞ்சும்.

இன்னொரு நுணுக்கம். எல்லாப் பத்திரங்களும் கையில் இருந்தால் டிக் நோட்டைப் புதிதாக எழுதிவிடலாம். டிக் நோட்டை வைத்துக்கொண்டு பத்திரங்களை எழுத முடியாது. ஆக ரெஃப்கவுண்ட் என்பது எல்1, எல்2-விலிருந்து எப்போதும் கணக்கிட்டு எடுக்கக்கூடிய தகவல். 2010-ல் கியூஎமுவில் வந்த கியூஇடி என்கிற வடிவம் இதனால்தான் ரெஃப்கவுண்டையே வைத்துக்கொள்ளவில்லை. 2012-ல் கியூகவ்2-வில் சேர்ந்த சோம்பேறி ரெஃப்கவுண்ட் வசதியும் இதே யோசனைதான். ஹெடரில் "நோட்டு இன்னும் எழுதவில்லை" என்று ஒரு பிட்டைப் போட்டுவிட்டு வேகமாகப் போகும். கரண்ட் போய் மறுபடி திறந்தால் அந்த பிட்டைப் பார்த்து நோட்டை முழுசாகத் திருப்பி எழுதிக்கொள்ளும்.

டிஸ்க் நிரம்பினால்

எங்கள் பக்கம் ஒரு பட்டறையில் இது நடந்தது. ஹோஸ்ட் டிஸ்க்கில் சிசிடிவி பதிவும் சேர்ந்து ஓடி, ராத்திரி டிஸ்க் முழுக்க நிரம்பிவிட்டது. காலையில் விண்டோஸ் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. "ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாமாண்ணா?" என்று அங்கிருந்த தம்பி போன் செய்தான். வேண்டாம் என்றேன். உறைந்து நின்றதே நல்லதுக்குத்தான். இடம் இல்லை என்கிற பிழை வந்தால் கியூஎமு வழக்கமாக அதை உள்ளே இருக்கும் விண்டோஸுக்குச் சொல்லாது, மெஷினை நிறுத்தி வைக்கும். சொல்லியிருந்தால் விண்டோஸ் அதைக் கெட்டுப்போன டிஸ்க் என்று எடுத்துக்கொண்டிருக்கும். பழைய சிசிடிவி பதிவுகளை அழித்து இடம் உண்டாக்கி, மெஷினைத் தொடரச் சொன்னதும் தோற்ற எழுத்தையே திரும்ப எழுதிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. பிறகு முறையாக நிறுத்திவிட்டு இமேஜைச் சோதித்ததில் சில லீக் கிளஸ்டர்கள், கரப்ஷன் எதுவும் இல்லை.

அந்தச் சோதனைக் கருவியை நம்ம ஊர் பாஷையில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்று சொல்லலாம். கியூஎமு-இமேஜ் கருவியின் செக் கட்டளை எல்லாப் பத்திரங்களையும் படித்து நோட்டோடு ஒப்பிடும். அது திருப்பித் தரும் எண்ணிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது: 0 என்றால் சுத்தம், 2 என்றால் கரப்ஷன், 3 என்றால் லீக் மட்டும். லீக்கை மட்டும் சரிசெய்யச் சொல்லவும் தனி வழி உண்டு. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

ஃபிளஷ் பொய் சொன்னால்

மேலே சொன்ன வரிசை எல்லாம் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: ஃபிளஷ் "முடிந்தது" என்றால் டேட்டா டிஸ்க்கில் இறங்கிவிட்டது. 2018-ல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் இதில் ஒரு ஓட்டையைக் கண்டார்கள். லினக்ஸில் ஒரு ஃபிளஷ் தோற்றால் பிழை ஒருமுறை வரும். எழுதப்படாத பக்கங்கள் எழுதப்பட்டதாகக் குறிக்கப்பட்டுவிடும். மறுபடி ஃபிளஷ் கேட்டால் "வெற்றி" என்று பதில். தோற்றால் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதிய கோடு எல்லாம் இங்கே ஏமாந்துபோகும். 2019-ல் போஸ்ட்கிரெஸ், ஃபிளஷ் தோற்றால் உடனே விழுந்து, பதிவிலிருந்து மீண்டு எழும்படி மாறியது. கியூஎமுவும் பக்க கேஷ் வழியாக எழுதும்போது ஒரு தடவை ஃபிளஷ் தோற்றதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த ஃபிளஷ்களையும் தோற்றதாகவே சொல்லும்.

இதை எப்படிச் சோதிப்பது?

பிழை தானாக வரும் என்று காத்திருக்க முடியாது, நாமே வரவழைக்க வேண்டும். கியூஎமுவில் பிளாக்டீபக் என்று ஒரு டிரைவர் உண்டு. எல்2-வை எழுதும் கணத்தில், புது நோட்டைக் கோக்கும் கணத்தில், ஹெடரை மாற்றும் கணத்தில் என்று பெயர் சொல்லிப் பிழையைச் செலுத்தலாம். சோதனைத் தொகுப்பில் 026 என்கிற சோதனை முழுவதும் இதுதான். ஒவ்வொரு கணத்திலும் பிழை எண் 5, அதாவது டிஸ்க் பிழை. பிறகு 28, அதாவது இடம் இல்லை. ஒருமுறை மட்டும் வருவது, தொடர்ந்து வருவது என்று இரண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு இமேஜைச் சோதிக்கும். எனக்குப் பிடித்தது, எதிர்பார்க்கும் விடைகளில் லீக்கும் இருப்பதுதான். டிஸ்க் இடம் வீண், டேட்டாவுக்குச் சேதமில்லை என்கிற பொருளில் ஒரு செய்தி வரும். அதை அவர்கள் தேர்ச்சியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: இமேஜ் இருக்கும் டிஸ்க்கில் வேறு எதையும் போடாதீர்கள். முடிந்தால் இமேஜ் உருவாக்கும்போதே முழு இடத்தையும் ஒதுக்கி வாங்கிவிடுங்கள், வளரும்போது இடம் தீரும் பயம் இல்லை. வாரம் ஒரு தடவை மெஷினை நிறுத்தி வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இமேஜின் நகல் வேறு டிஸ்க்கில் இருக்கட்டும்.

கோடு எழுதுகிறவர்களுக்கு ஒரே கேள்விதான். டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் விரலை வைத்துக் கேளுங்கள்: இந்த இடத்தில் கரண்ட் போனால் மனை சும்மா கிடக்குமா, இரண்டு பேருக்குப் போகுமா? இரண்டாவதுதான் பதில் என்றால் அந்த வரி இருக்க வேண்டிய இடம் அது இல்லை.