இளமையில் வாகை சூடிய குத்துச்சண்டை வீரர்கள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வீழ்த்திய காட்சியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். மகனின் வெற்றியைத் தந்தையாகிய தித்தன் காணவேண்டும் என்பது அப்புலவரின் விழைவு. இளைஞன் ஒருவன் தன்னினும் வலியானை எதிர்கொள்ளும் காட்சி, எக்காலத்தும் எந்நாட்டிலும் மக்கள் மனத்தைக் கவர்வதாகும். இக்கால உலகில் அக்காட்சியைக் குத்துச்சண்டை மேடையில் காண்கிறோம். மிக இளம்வயதில் உலகப் பட்டம் வென்ற வீரர்களுள் சிறந்தவர் யார் என்ற வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல்

வயது ஒன்றையே அளவாகக் கொண்டால் இவ்வினாவிற்கு விடை காண்பது எளிது. பிறந்த நாளைப் பார்த்தாலே போதும். ஆனால் வள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் செயலின் வலிமை, செய்வோனின் வலிமை, பகைவனின் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கச் சொல்கிறார். இந்நான்கும் குத்துச்சண்டைக்கும் பொருந்தும்.

செயலும் வயதும்

குத்துச்சண்டை எடைப் பிரிவுகளாக நடைபெறுகிறது. எடை குறைந்த பிரிவுகளில் விரைவும் கண்கூர்மையும் முதன்மை பெறுகின்றன. அவை இளமையிலேயே வாய்ப்பவை. மேலெல்லை இல்லாத பெரு எடைப் பிரிவிலோ முதிர்ந்த உடலும் எலும்புறுதியும் வேண்டும். ஆகவே இருவேறு பிரிவுகளின் வயதுகளை அப்படியே நிறுத்துப் பார்ப்பது முறையாகாது.

போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வில்பிரெட் பெனிட்டஸ் 1976 மார்ச் 6ஆம் நாள், தம் 17 வயது 5 மாதத்தில், ஏறத்தாழ 63.5 கிலோ எல்லை கொண்ட பிரிவில் உலகப் பட்டம் வென்றார். இன்றளவும் உலகப் பட்டம் வென்றவர்களுள் அவரே மிக இளையவர். பெரு எடைப் பிரிவில் புளோய்டு பேட்டர்சன் 1956 நவம்பர் 30ஆம் நாள் 21 வயது 10 மாதத்திலும், பின்னர் முகம்மது அலி எனப் பெயர் பெற்ற காசியஸ் கிளே 1964 பிப்ரவரி 25ஆம் நாள் 22ஆம் வயதிலும், மைக் டைசன் 1986 நவம்பர் 22ஆம் நாள் 20 வயது 4 மாதத்திலும் பட்டம் வென்றனர். பேட்டர்சனின் சாதனை டைசனால் முறியடிக்கப்பட 30 ஆண்டுகள் ஆயின.

எதிரியின் வலிமை

பெனிட்டஸ் வென்ற கொலம்பிய வீரர் அந்தோணியோ செர்வாண்டஸ், 1972 முதல் பட்டத்தை விடாது காத்து வந்தவர். அவருடன் 15 சுற்றுகள் முழுவதும் நின்று புள்ளிகளால் வென்றது பள்ளிப் பருவத்து இளைஞருக்குப் பெருஞ்செயலே. பேட்டர்சன் வென்ற ஆர்ச்சி மூர் பேராற்றல் வாய்ந்தவர் ஆயினும், வயதில் நாற்பதை ஒட்டியவர். டைசன் இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்திய டிரெவர் பெர்பிக், 1981இல் அலியை அவருடைய கடைசிப் போட்டியில் வென்றவர்.

அலி எதிர்கொண்ட சோனி லிஸ்டனோ, பேட்டர்சனை 1962, 1963 ஆகிய ஈராண்டுகளிலும் முதற்சுற்றிலேயே தரையில் சாய்த்தவர். அன்று இளைஞர் கிளே வெல்வார் எனக் கருதியோர் மிகச் சிலரே. ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் இருக்கையை விட்டு எழவில்லை. எதிரியின் வலிமை என்னும் அளவுகோலில் அலியின் வெற்றியே தலையாயது எனலாம்.

துணைவலிமை

பேட்டர்சன், டைசன் இருவருக்கும் ஆசான் ஒருவரே. அவர் கஸ் டமாட்டோ. திசைமாறித் திரிந்த சிறுவனாகிய டைசனைத் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தவர் அவர். ஆயினும் 1985 நவம்பரிலேயே மறைந்ததால், மாணவன் பட்டம் வென்றதை அவர் காணவில்லை. தித்தன் காணவேண்டும் எனப் புலவர் விழைந்தது இவ்விடத்தில் நினைவிற்கு வருகிறது. டமாட்டோ வழிவந்த பயிற்சியாளரையும் டைசன் 1988இல் விலக்கினார். 1990 பிப்ரவரியில் டோக்கியோ நகரில் பெரிதும் மதிக்கப்படாத பஸ்டர் டக்ளசிடம் பட்டத்தை இழந்தார். அப்போது அவருக்கு வயது 23. 1992இல் சிறை புகுந்தார்.

அலியின் கதை வேறு. லிஸ்டனுடன் நடந்த போட்டியின் நடுவே கண்கள் எரிந்து பார்வை மங்க, கையுறைகளைக் கழற்றுமாறு அவர் கேட்டார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ கண்களைக் கழுவி, அவரை மீண்டும் களத்திற்கு அனுப்பினார். அந்த ஒரு நொடியில் துணைவர் தளர்ந்திருந்தால் வரலாறே மாறியிருக்கும்.

பட்டத்திற்குப் பின்

இளமையில் பெற்றதை முதுமைவரை காத்தவர் எவர்? பேட்டர்சன் 1959இல் இழந்த பட்டத்தை 1960இல் மீட்டார். பெரு எடைப் பிரிவில் இழந்ததை மீட்ட முதல்வர் அவரே. பெனிட்டஸ் மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றார். ஆனால் தலையில் பட்ட அடிகள் மூளையைப் பாதித்ததால், பிற்காலத்தில் பிறர் துணையின்றி வாழ இயலாதவரானார்.

அலி 1967இல் போர்ப்படையில் சேர மறுத்துப் பட்டத்தை இழந்தார். உடல் உச்ச வலிமையில் இருந்த மூன்றரை ஆண்டுகள் மேடையேற இயலாது போயின. 1971இல் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. 1974இல் ஜார்ஜ் போர்மனை வென்று பட்டத்தை மீட்டார். 1978இல் மூன்றாம் முறையாகப் பெற்றார். ஆயினும் 1984இல், 42ஆம் வயதில், அவருக்கு நடுக்குவாத நோய் இருப்பது கண்டறியப்பட்டது. 2016இல் அவர் மறையும்வரை அந்நோய் நீங்கவில்லை. வெற்றியாளரின் உடலும் விலை கொடுத்தே தீர்கிறது.

நம் நாட்டில்

தமிழகத்திற்கும் இக்கலை புதிதன்று. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கன் பரம்பரை முதலிய குழுக்கள் தலைமுறை தலைமுறையாக இதனை வளர்த்தன. 1980இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். சென்னை வீரர் தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பங்கேற்று, 1994இல் பாங்காக் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

நிசாமாபாத்தைச் சேர்ந்த நிகத் சரீன் 2011இல், 14 வயதில், துருக்கியில் இளையோர் உலகப் பட்டம் வென்றார். 2017இல் தோள்பட்டைக் காயத்தால் களத்தை விட்டு விலகியிருக்க நேர்ந்தது. மனந்தளராது உழைத்து, 2022இல் அதே துருக்கி நாட்டில் மூத்தோர் உலகப் பட்டத்தையும், 2023இல் புதுதில்லியில் மீண்டும் அப்பட்டத்தையும் வென்றார். இரு வெற்றிகளுக்கும் இடைப்பட்ட அந்த 11 ஆண்டுகளே அவருடைய பெருமையை உணர்த்துவன.

நாஞ்சில் நாட்டு ஆசான்கள் காட்டிய நெறி

நம் மாவட்டத்தில் அடிமுறையும் வர்மமும் கற்பிக்கும் ஆசான்கள் ஒரு மரபைப் போற்றி வந்துள்ளனர். மாணவனின் கைவேகத்தை மட்டும் கண்டு வர்மத்தின் நுட்பங்களை அவர்கள் சொல்லிக் கொடுப்பதில்லை. அவன் சினம் அடங்கிப் பக்குவம் எய்தும்வரை காத்திருப்பர். அடிக்கும் முறையுடன், அடிபட்டவனைத் தேற்றும் இளக்குமுறையையும் சேர்த்தே கற்பிப்பர். பிஞ்சில் பழுத்த கனி விரைவில் வெம்பும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

முடிவுரை

வயதால் முதல்வர் பெனிட்டஸ். தாக்கும் ஆற்றலால் முதல்வர் டைசன். இழந்ததை மீட்கும் வழியைக் காட்டியவர் பேட்டர்சன். நான்கு வலிமைகளையும் ஒருங்கே சீர்தூக்கினால், 22 வயதில் வென்றதோடு நில்லாது, இழந்தும் நோயுற்றும் நிலை குலையாத அலியே இவர்களுள் சிறந்தவர் என்பது எம் முடிபு.

தம் பிள்ளைகள் எதிலும் எல்லாரினும் முந்திவிட வேண்டும் என்று பெற்றோர் பலர் இன்று விரைகின்றனர். விளையாட்டிற்கும் கல்விக்கும் இது பொருந்தும். முந்துதல் தவறன்று. ஆனால் பிள்ளை தோற்று வரும் நாளில் கண்களைக் கழுவிக் களத்திற்கு அனுப்பும் துணை உண்டா, அடிபடும் நாளில் போதும் எனத் தடுத்து நிறுத்தும் ஆசான் உண்டா என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்விரண்டும் வாய்த்த இளைஞன், காலந்தாழ்ந்து வென்றாலும் நெடிது நிற்பான்.