முந்திச் சுழன்ற காற்றாலைகள்

தமிழ்நாட்டில் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் பணி 1932இல் நீலகிரியின் பைக்காராவில் தொடங்கி மேட்டூர், பாபநாசம் என விரிந்தது. ஆனாலும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற பேச்சில் மாநிலத்துக்கு நாடறிந்த பெயரைத் தேடித் தந்தவை காற்றாலைகளே. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் அளவிலான சிறு இயந்திரங்களுடன் தொடங்கிய முன்னோட்டப் பண்ணை, குஜராத்தின் ஓக்கா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி ஆகியவற்றோடு சேர்த்து, இந்தியாவின் முதல் காற்றாலை முயற்சிகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அவ்வாறு முந்திக்கொண்டதே மாநிலத்தின் வளர்ச்சிக்குக் காரணமாயிற்று. அதே முந்துதல்தான் இன்றைய தேக்கத்துக்கும் பெரும் காரணம்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மழையைப் பெரும்பாலும் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வழியே நெருக்கிக்கொண்டு வேகமாகக் கிழக்கே பாய்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், கணவாய் வாயில் கிடைக்கும் அந்தச் சிறு வேக மிகுதியே முப்பந்தலையும் கயத்தாற்றையும் உடுமலைச் சமவெளியையும் காற்றாலைக் காடுகளாக்கிற்று. மே தொடங்கிச் செப்டம்பர் வரையுள்ள மாதங்களிலேயே ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

காற்று மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. முதலீட்டை இழுத்துவந்தவை கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட ஏற்பாடுகள். இயந்திரத்தின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள 1990களில் மத்திய அரசு அளித்த சலுகை ஒன்று. மின்வாரியம் வகுத்த ‘வீலிங்’, ‘பேங்கிங்’ முறைகள் மற்றொன்று. ஆரல்வாய்மொழியில் ஆலை உரிமையாளர் உற்பத்தி செய்யும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகள் வழியே, உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, கோவையிலுள்ள அவருடைய நூற்பாலையின் கணக்கில் சேர்ப்பது வீலிங். ஆனி, ஆடியில் ஆலையின் தேவைக்கு மேல் கிடைத்த யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றடங்கிய தை மாதத்தில் எடுத்துப் பயன்படுத்திக்கொள்வது பேங்கிங். பருவத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு சரக்கை ஆண்டு முழுவதும் ஓடும் தறிக்கும் கதிருக்கும் பொருத்திய இந்த ஏற்பாடு, தமிழகத்தின் மின் வரலாற்றில் மிகக் கூர்மையான நிர்வாகச் சிந்தனைகளுள் ஒன்றெனத் தயங்காமல் சொல்லலாம். கொங்கு நாட்டு ஆலைகளின் முதலீடு தென்கோடிக் கணவாய்க்குச் சென்றது அதனால்தான்.

வளர்ச்சி எவ்வளவு தூரம் சலுகையைச் சார்ந்திருந்தது என்பதை 2012 காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மட்டும் மாநிலத்தில் 1,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாக நிறுவப்பட்டது. ஏப்ரலில் விரைவுத் தேய்மானச் சலுகை நிறுத்தப்பட்டதும், அடுத்த ஆண்டின் சேர்க்கை 200 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. மாநிலம் நெடுநேர மின்வெட்டில் தவித்த அதே 2012இல், மின்சாரத்தை வெளியே கொண்டுசெல்லப் போதிய உயரழுத்தத் தடங்கள் இல்லாமல் காற்றுக் காலத்தில் இயந்திரங்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. உற்பத்தி முன்னே ஓட, கம்பித்தடம் பின்தங்கிவிட்டது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் இணைக்கப்பட்டுத் தென்மாநில மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு சேர்ந்த பிறகே உபரி மின்சாரத்துக்கு வடக்கு நோக்கிய வாசல் திறந்தது.

சூரிய மின்சாரத்தின் கதை குறுகியது, வேகமானது. 2012இல் தனிக் கொள்கை வெளியிடப்பட்டது. 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் பூங்கா இயங்கத் தொடங்கியது. 2024 மார்ச் இறுதியில் மாநிலத்தின் சூரிய மின் நிறுவுதிறன், அதாவது எல்லாத் தகடுகளும் முழு அளவில் இயங்கினால் கிடைக்கக்கூடிய உச்ச அளவு, 8,000 மெகாவாட்டைக் கடந்திருந்தது. காற்றாலையின் நிறுவுதிறன் அப்போது ஏறத்தாழ 10,600 மெகாவாட். பல்லாண்டு முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் குஜராத் அதற்குள் முந்திவிட்டது.

பின்தங்கியதன் காரணத்தை முப்பந்தலிலேயே காணலாம். நாட்டின் மிகச் சிறந்த காற்று வீசும் நிலத்தில், முப்பதாண்டுகளுக்கு முன் நிறுவப்பட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் தாழ்ந்த கோபுரங்களில் இன்றும் நெருங்கி நிற்கின்றன. 120 மீட்டர் விட்டமுள்ள இக்கால இறகு வட்டம், 30 மீட்டர் விட்டமுள்ள பழைய வட்டத்தைப்போல் பதினாறு மடங்கு பரப்பிலிருந்து காற்றைப் பிடிக்கும். 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திறனை ஒரே கோபுரத்தில் தரும். ஆயினும் பெரிய இயந்திரங்களுக்கிடையே இறகு வட்டத்தின் விட்டத்தைப்போல் பல மடங்கு இடைவெளி வேண்டுமாகையால், ஒன்றை நிறுவவே அக்கம்பக்கத்திலுள்ள பல சிறு உரிமையாளர்கள் ஒன்றுகூடி நிலத்தையும் வருவாயையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கடன் அடைந்துவிட்ட பழைய இயந்திரம் இன்னும் ஏதோ யூனிட் தந்துகொண்டிருக்க, பேங்கிங் உரிமை புதியதற்கும் அப்படியே தொடருமா என்ற ஐயத்தோடு அதைக் கழற்ற எவரும் விரைவதில்லை. பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கும் புதுப்பிப்பதற்கும் 2024இல் மாநில அரசு வெளியிட்ட கொள்கையின் வெற்றி, இந்த அச்சத்தைப் போக்குவதில்தான் இருக்கிறது. அந்த நிலம் தனியாருடையதாயினும் அங்கு வீசும் காற்று பொதுச் செல்வம் என்பதை அரசு அழுத்தமாகச் சொல்ல வேண்டிய நேரம் இது.

மற்றொரு குறை சேமிப்பு. பேங்கிங் என்பது யூனிட்டுகளின் வரவுக் கணக்கே. உண்மையில் எந்த மின்சாரமும் ஆனியிலிருந்து தைக்குக் காத்திருப்பதில்லை. பகல் வெயிலும் ஆடிக் காற்றும் சேர்ந்து உபரியைத் தரும் வேளையில் கீழ் அணையின் நீரை மேலேற்றி, மாலைத் தேவையின்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமே, நாளுக்குள் அந்த வேலையை மெய்யாகச் செய்கிறது. 1980களின் இறுதியில் ஆனைமலையின் காடம்பாறையில் கட்டிமுடிக்கப்பட்ட அத்தகைய நிலையத்தின் திறன் 400 மெகாவாட். நீலகிரியின் குந்தாவில் திட்டமிடப்பட்டது 500 மெகாவாட். இரண்டும் சேர்ந்தாலும், காற்றும் சூரியனுமாக மாநிலம் நிறுவியிருக்கும் 18,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திறனில் அவை இருபதில் ஒரு பங்குகூட இல்லை.